தாத்தாவின் மூங்கில் கழி

சித்தப்பா: பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிக்கும் அட்டையில் எங்கள் அப்பாவைப் பற்றி, பிள்ளைகளே, உங்கள் தாத்தாவைப் பற்றி, இரண்டு வரி வேண்டுமாம். 'முன்னாள் ராணுவ வீரர், ரயில்வே ஓய்வு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், மனசு ஆறவில்லை. ராத்திரிக்குள் மாற்றலாம் என்கிறார்கள், சொல்லுங்கள்.

அக்கா: திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை என்று கட்டாயம் வரணும் சித்தப்பா. ரயில்வே என்றால் டிக்கெட் கொடுத்தவர் என்று நினைப்பார்கள்.

அத்தை: 2005 வெள்ளத்தைப் போடுடா. உய்யகொண்டான் வாய்க்காலும் கோரையாறும் பெருகி உறையூர்ப் பக்கம் முழுக்கத் தண்ணீர், எங்கள் வாசலில் இடுப்பளவு. அப்பா பொன்மலை ஷாப்பில் நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்துவிட்டார். கையில் ஒரு மூங்கில் கழி. நேராக ஊன்றி நடக்கவில்லை, சாய்த்துச் சாய்த்துக் குத்திப் பார்த்து ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். தெருவில் மூன்று இடத்தில் சாக்கடை மூடி இல்லை, மேலே தண்ணீர் ஓடினால் யாருக்குத் தெரியும்? தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த புது வேட்டியைக் கிழித்துக் குச்சிகளில் கட்டி அந்த மூன்று இடத்திலும் நட்டார். "நான் கால் வைத்த இடத்திலேயே கால் வை"ன்னு சொல்லி முதலில் எதிர்வீட்டுப் பாட்டியைத்தான் கூட்டிப் போனார், அப்புறம்தான் நானும் பிள்ளைகளும். எனக்கு அப்போது கோபம்கூட வந்தது.

தம்பி: ஏன் அத்தை சாய்த்துக் குத்தணும்?

அப்பா: அது கண்ணிவெடி தேடும் முறை. நேராகக் குத்தினால் வெடியின் தலையில் பட்டுவிடும், சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் தட்டும், கைக்குத் தெரிந்துவிடும். கண்டுபிடித்த பிறகு ஆபத்தில்லாத பாதைக்கு இரு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவார்கள். உன் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படை, 9 என்ஜினியர் ரெஜிமென்ட். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில் பசந்தர் ஆற்றங்கரையில் டாங்கிகளுக்குப் பாதை திறந்தவர்கள் அவர்கள்தான்.

தம்பி: என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

அப்பா: என்னிடமும் ஒரே ஒரு தடவைதான். அந்தச் சண்டையில் உயிர்விட்ட டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்ரபாலின் படம் டிவியில் வந்தபோது எழுந்து நின்றார். பாதையை முழுதாகத் திறந்து முடிப்பதற்குள் அவருடைய பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் உள்ளே போகவேண்டி வந்ததாம், "அந்தப் பையனுக்கு 21 வயசு, எனக்கும் அப்போ 21"ன்னு சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அந்தப் போருக்காகக் கொடுத்த பஸ்ச்சிமி ஸ்டார் மெடல் அரிசி டப்பாவுக்குப் பின்னாடி இருந்ததை அம்மா போன பிறகுதான் பார்த்தேன்.

மாமா: ஷாப்பிலும் அவர் அப்படித்தான். ஊட்டி மலை ரயில் எஞ்சின் பொன்மலைக்கு ஓவர்ஹாலுக்கு வரும்போது பல்சக்கரத்தில் ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவிப் பார்ப்பார். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட பிறகும் ஒரு சுற்று தடவுவார். புதிதாகச் சேர்ந்த எங்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். "மலையில இறங்கும்போது இந்தப் பல்லுதான்டா பிடிச்சு நிறுத்தணும், உள்ள உக்காந்திருக்கிற குழந்தைக்கு அது தெரியாது" என்பார். 2010-ல் ஓய்வு பெற்ற அன்று மாலை சங்கு ஊதியும் அவர் கிளம்பவில்லை, நான்தான் போய்க் கூட்டி வந்தேன்.

அக்கா: மழைக்காலத்தில் என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும்போதும் கழி முன்னாடி போகும், நான் பின்னாடி. கடைசி வருஷம் கண் மங்கிய பிறகும் மழை விட்டதும் தெருமுனை வரை போய், மூடி ஆடுகிற இடத்தில் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வருவார். பார்வைக்காக எடுத்த கழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா: சரி, எழுதிவிட்டேன். 'மெட்ராஸ் சாப்பர்ஸ், பொன்மலை ரயில்வே பணிமனை. முன்னால் நடந்து வழி பார்த்துக் கொடுத்தவர்.' போதுமா?

அத்தை: போதும். அழுகிறேன், போன் பண்ணாதே.

மாமா: அந்தக் கழி எங்கே?

அப்பா: படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. நுனி ஒரு பக்கமாகவே தேய்ந்து போயிருக்கிறது. காரியம் முடிந்து வீடு கழுவும்போது யாரும் பழசு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தம்பி: நான் எடுத்துக்கறேன்ப்பா. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன்.