ரம்மியில் விழுந்த தம்பியின் கடனைக் குடும்பம் அடைக்கலாமா?

செந்தாமரை:
என் தம்பி கைப்பேசியில் ரம்மி ஆடி ஏறத்தாழ 4 லட்சம் ரூபாய் கடன்பட்டிருக்கிறான். அம்மாவின் நகை அடகில் இருக்கிறது, உறவினர்களிடம் கைமாற்று, மீதி, கடன் செயலிகளில் வாங்கியது. அவனுடைய வண்டி இருக்கைக்கு அடியில் அடகுச் சீட்டு அகப்பட்ட பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. இனித் தொடமாட்டேன் என்கிறான். ஊரில் இருக்கும் நிலத்தை விற்று மொத்தத்தையும் அடைத்துவிடலாம் என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?

கொங்குவாசி:
நிலத்தை விற்காதீர்கள், அம்மா. விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறிதான் இந்த நோயின் உயிர்நாடி. அப்படிப்பட்டவரின் கடனை வீட்டார் ஒரே நாளில் துடைத்துக் கொடுத்தால், எவ்வளவு தோற்றாலும் தாங்கிக்கொள்ள ஆள் உண்டு என்பதைத்தான் அவர் மனம் பற்றிக்கொள்ளும். பழைய கடன் தீர்ந்ததும் அதே செயலிகள் புதுக் கடனோடு வந்து நிற்கும். ஜாமீன் கையெழுத்துப் போடாத வரை அந்தக் கடனுக்கு நீங்கள் சட்டப்படி பொறுப்பும் அல்ல.

மேகலை:
சட்டம் பேசுவது எளிது, ஐயா. கடன் செயலிக்காரர்கள் தொடர்பு எண்களை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு மாமனார் வரை அழைத்து அசிங்கப்படுத்தும்போது அந்தப் பையன் என்ன செய்வான்? இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளை முன்வைத்துத்தானே தமிழ்நாட்டில் 2022இல் தடைச் சட்டமே கொண்டுவரப்பட்டது? பாடம் புகட்டுவதற்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க முடியாது. கடனை அடையுங்கள், அறிவுரையைப் பிறகு சொல்லலாம்.

கொங்குவாசி:
நான் சொன்னது தண்டனை அல்ல. உலகச் சுகாதார நிறுவனமே சூதாட்டக் கோளாறை நோயாக வகைப்படுத்தியிருக்கிறது. நோய்க்கு மருந்து பணம் அல்ல. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். தம்பியின் மனநிலை அச்சம் தருவதாக இருந்தால் அவரைத் தனியே விடாமல், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

மேகலை:
ரிசர்வ் வங்கி சொல்வதைக் கேட்கிற செயலியா இரவெல்லாம் மிரட்டுகிறது? பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றித் தடைசெய்த பிறகும் வெளிநாட்டுத் தளங்கள் கைப்பேசியில் திறக்கத்தானே செய்கின்றன?

பழைய கணக்கர்:
வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எல்லாக் கடனும் ஒன்றல்ல. நகைக்கடன் வங்கியில் இருந்தால் வட்டியை மட்டும் கட்டி மீட்பைத் தள்ளிப்போடலாம். உறவினர்களிடம் அப்பாவே நேரில் சென்று தவணை கேட்கலாம். செயலிக் கடனை மட்டும் இப்போது முடியுங்கள். ஆனால் ஒரு ரூபாயைக்கூடத் தம்பியின் கையில் கொடுக்காமல், கடன் கொடுத்தவரின் கணக்குக்கே செலுத்தி, நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். தம்பி சம்மதித்தால் சம்பளக் கணக்கின் யுபிஐ உச்சவரம்பை அன்றாடச் செலவுக்கு மட்டும் போதுமான அளவாகக் குறைத்துவிடுங்கள். நிலத்தின் பேச்சையே எடுக்க வேண்டாம்.

கொங்குவாசி:
கணக்கர் ஐயா சொல்வதில் வரிசையை மட்டும் மாற்றுவேன். மனநல மருத்துவரை முதலில் தம்பி பார்க்கட்டும், பணம் அதற்குப் பிறகு வரட்டும். பணம் முதலில் போனால் மருத்துவரிடம் போக வேண்டிய அவசரம் அவருக்கு இராது.

மேகலை:
மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் செல்லும் வழியிலும் அந்தக் கைப்பேசி அடித்துக்கொண்டேதான் இருக்கும், ஐயா. இரண்டும் ஒரே நாளில் நடக்கட்டும்.