நகல் என்று கொடுத்த கோப்பு, லைன் போனபோது என்ன செய்தது? அனுபவங்களைச் சொல்லுங்கள்

கட்டபெட்டு கணக்கர்:

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுதள மென்பொருளில் லிங்க் டேபிள் (தரவு வேறிடத்தில் இருக்க, அதை இங்கே காட்டும் இணைப்பு) வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும், மற்ற அடிப்படையை விளக்கப்போவதில்லை. எங்களுடையது கோத்தகிரிப் பக்கம், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலை. டேபிள்கள் எல்லாம் கோவையில் ஒரு எஸ்.கியூ.எல். சர்வரில் இருக்கின்றன. எங்கள் அலுவலகக் கணினியில் இருப்பவை படிவங்களும் லிங்க்குகளும்தான். ஐப்பசி பிறந்தால் மேட்டுப்பாளையம் சாலையில் எங்காவது மண் சரியும், கூடவே கேபிளும் போகும். அதற்காகவே ஒருவர் கீழேயிருந்து வந்து, "எல்லா டேபிளையும் தனிக் கோப்பில் இறக்கித் தருகிறேன்" என்று நிரல் எழுதி, ஒரு பட்டனும் வைத்து, பணம் வாங்கிக்கொண்டு போனார். பட்டனை அழுத்தினால் டேபிள் பெயர்கள் திரையில் ஓடும். கடைசியில் "நகல் முடிந்தது" என்று பெட்டி வரும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

லைன் போனது. பட்டுவாடா நாள். கவுண்டரில் ஓர் அம்மா நனைந்த சால்வையோடு நின்று, போன மாதம் தன் இலை எத்தனை கிலோ, முன்பணம் போக எவ்வளவு கைக்கு வரும் என்று கேட்டார். நகல் கோப்பைத் திறந்தேன். டேபிள்கள் வரிசையாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் இடப்பக்கம் சின்னதாக ஓர் உலக உருண்டை, அதை ஒட்டி ஓர் அம்புக்குறி. இலை எடை டேபிளைச் சொடுக்கினேன். திரை அப்படியே நின்றது. வெகுநேரம் கழித்து ஓ.டி.பி.சி. (சர்வரோடு பேசும் வழி) இணைப்பு தோல்வி என்று செய்தி வந்தது. கோப்பின் அளவைப் பார்த்தால் ஒரு எம்.பி.யைக்கூடத் தொடவில்லை. பல ஆண்டுக் கணக்கு அதற்குள் எப்படி இருக்கும்?

அந்த அம்மா மடியிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட துண்டுச் சீட்டுக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். "என்னிடம் எல்லாம் இருக்கிறது தம்பி, உங்களிடம் இல்லையா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதனால்தான் மறக்க முடியவில்லை.

நிரலைப் பின்னால் பிரித்துப் பார்த்தேன். புதுக் கோப்பிலிருந்துகொண்டு எங்கள் அலுவலகக் கோப்பின் டேபிள்களை டிரான்ஸ்ஃபர்டேட்டாபேஸ் கட்டளையால் இறக்குமதி செய்கிறது. மூலத்தில் இருப்பதே லிங்க் என்றால், அக்சஸ் இறக்குமதி செய்யாமல் இன்னொரு லிங்க்கைப் போட்டுவிட்டு முடிந்தது என்று சொல்லிவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மஞ்சூர் மழை:

உங்களுக்கு வெறுங்கோப்பாவது வந்தது, பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. எங்களுக்குத் தரவு முழுவதும் வந்தது, அதுதான் வினை.

2019 ஆகஸ்ட். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய அந்த மழை. குந்தாப் பக்கம் மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. ஜெனரேட்டரில் லேப்டாப்பை ஓட்டி, தனி நகலில் இலை எடையைப் பதிந்துகொண்டிருந்தார்கள். அந்த நகலை எடுத்த நிரலில் ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரே ஒரு செலக்ட் இன்ட்டூ வரி. அந்த வரி ஃபீல்டுகளையும் பதிவுகளையும் கொண்டுவரும். பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாளம்) வராது, இண்டெக்ஸ் (தேடவும் இரட்டிப்பைத் தடுக்கவும் உதவும் பட்டியல்) வராது, டேபிள்களுக்கு இடையிலான உறவு வராது, டீஃபால்ட் மதிப்பும் வராது. சர்வரில் ஒரே சீட்டு எண்ணை இரண்டாவது முறை போட்டால் தடுக்கும். நகலில் தடுக்க எதுவுமில்லை.

லைன் வந்த பிறகு சர்வரில் சேர்க்க உட்கார்ந்தோம். ஒரே சீட்டு எண், ஒரே விவசாயி, ஒரே தேதி, இரண்டு வரி. ஒன்றில் 38 கிலோ, மற்றதில் 83 கிலோ. ஒருவர் பதிந்ததை இன்னொருவர் தெரியாமல் மறுபடி பதிந்திருக்கிறார். எது சரி? மூலச் சீட்டு மழையில் ஊறி எண்களே போய்விட்டன. 83 என்று வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த விவசாயி வாய் திறக்கவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தாண்டிக்குடி மிளகு:

நான் பழனி மலைப் பக்கம். காபி, மிளகு வாங்கி விற்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். என் கதை சிறியது. இங்கே ஒருவரின் லிங்க்குகள் எல்லாம் அலுவலக நெட்வொர்க்கில் உள்ள இசட் டிரைவைக் காட்டின. அவர் லேப்டாப்பைப் பண்ணைக்காட்டுக்கு எடுத்துப்போனார். அங்கே இசட் டிரைவ் ஏது? வியாபாரி மூட்டையை எடை போட்டு நிறுத்திவிட்டுக் காத்திருக்க, இவர் திரையில் "பாதை செல்லாது" என்பதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

ஆனால் மேலே இருவரும் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டபெட்டு நண்பர் கட்டளையின் மேல் பழி போடுகிறார். கட்டளை நல்ல கட்டளைதான், அதற்குக் காட்டிய மூலம்தான் தப்பு. லிங்க்குக்குப் பின்னால் தரவு இருப்பது அக்சஸ் கோப்பில் என்றால், லிங்க் டேபிளின் கனெக்ட் பண்பில் அந்தக் கோப்பின் பாதை இருக்கிறது. சோர்ஸ்டேபிள்நேம் பண்பில் அங்கே அந்த டேபிளின் உண்மைப் பெயர் இருக்கிறது. இரண்டையும் எடுத்து நேரே அங்கிருந்து இறக்குமதி செய்தால் பிரைமரி கீ, இண்டெக்ஸ் சகிதம் அசல் டேபிள் வந்து இறங்கும். செலக்ட் இன்ட்டூவே தேவையில்லை.

பின்னால் இருப்பது எஸ்.கியூ.எல். சர்வர் என்றால் வேறு வழி. கீ, இண்டெக்ஸ், உறவு எல்லாம் போட்ட வெற்றுக் கோப்பு ஒன்றை வார்ப்பாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய நகலை அழித்துவிட்டு, வார்ப்பைப் பிரதியெடுத்து, அதற்குள் இன்சர்ட் இன்ட்டூ (பதிவுகளைச் சேர்க்கும் கட்டளை) மூலம் நிரப்புங்கள். பழைய நகலையே காலிசெய்து நிரப்பாதீர்கள். அழித்த பதிவின் இடத்தை அக்சஸ் காம்பாக்ட் செய்யும்வரை (கோப்பைச் சுருக்கும்வரை) விடாது. கோப்பு வீங்கிக்கொண்டே போய் ஒரு நாள் 2 ஜி.பி. எல்லையில் முட்டி நிற்கும். நிரப்பும்போது விவசாயி டேபிள் முதலில், அவருடைய இலை எடை அதன் பிறகு. முறை மாறினால் உறவு விதி தடுக்கும். நிரலில் குவெரியை ஓட்டும் எக்ஸிக்யூட் வரியின் கடைசியில் டிபிஃபெயில்ஆன்எரர் போடுங்கள். அதைப் போடாவிட்டால் விதிக்கு ஒவ்வாத பதிவுகளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மீதியைச் சேர்த்துவிடும். எச்சரிக்கைச் செய்திகளைக் காட்டும் செட்வார்னிங்ஸை அணைத்துவிட்டுக் குவெரியை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் வேலைக்கு வைக்கமாட்டேன்.

கடைசியில் எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்கு, நிரலில் டேபிளைக் குறிக்கும் டேபிள்டெஃபின் ரெக்கார்டுகவுண்ட்டைக் கேட்காதீர்கள், லிங்க் டேபிளுக்கு அது மைனஸ் 1 என்றுதான் சொல்லும். இரண்டு பக்கமும் கவுண்ட் குவெரி போட்டுத்தான் ஒப்பிடவேண்டும். எம்.எஸ்.ஒய்.எஸ். என்று தொடங்கும், அக்சஸ் தனக்காக வைத்திருக்கும் டேபிள்களைத் தொடவே தொடாதீர்கள். சொல்லப்போனால் பின்னணிக் கோப்பு அக்சஸ் என்றால் இத்தனை நிரலும் எதற்கு? அந்தக் கோப்பையே அப்படியே பென் டிரைவில் காப்பி செய்து, லிங்க்கை அதற்கு மாற்றிவிட்டால் முடிந்தது.

மஞ்சூர் மழை:

தாண்டிக்குடி ஐயா, உங்கள் வார்ப்பு யோசனை சரி, ஏற்றுக்கொள்கிறேன். கடைசி வரி மட்டும் ஆபத்து. யாராவது திறந்து வைத்திருக்கும்போது கோப்பைக் காப்பி செய்தால், பாதி எழுதிய நிலையில் பிரதி வரலாம். பக்கத்தில் அதே பெயரில் எல்.ஏ.சி.சி.டி.பி. கோப்பு (யாராவது திறந்திருக்கும்போது அக்சஸ் வைக்கும் பூட்டு) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யச் சொல்லியிருக்கலாம். நான் என் கதையைச் சொன்னது வழி கேட்பதற்காகவும் இல்லை.

தாண்டிக்குடி மிளகு:

எல்லோரும் வெளியேறிய பிறகு காப்பி செய்யவேண்டும் என்பது யாருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்து விட்டுவிட்டேன். இங்கே அப்படி நினைக்கக்கூடாது போலிருக்கிறது.

ஓவேலி வழிப்போக்கன்:

சண்டை நடக்கட்டும், நான் வேறு ஒன்று சொல்கிறேன். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் நடமாடும் மருத்துவ முகாமுக்கு நோயாளிப் பட்டியல் தயார் செய்வதில் உதவினேன். போகும் ஊர்களில் பாதியில் சிக்னல் கிடையாது. அதனால் அன்றைக்குப் போகும் ஊர்க்காரர்களின் பதிவுகளை மட்டும் லிங்க் டேபிளிலிருந்து தனிக் கோப்புக்கு எடுத்துப்போவார்கள். ஊர்ப் பெயர் தமிழில் இருந்தது, யூனிகோடு. நிரலை எழுதிக் கொடுத்தவர் இப்போது ஊரில் இல்லை.

கூடலூர் முகாம். செவிலியர் பட்டியலைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பெயர், அதற்கும் இல்லை. வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "அவர்கள் எல்லாம் எருமாட்டுக்காரர்கள் அல்லவா, இங்கே எதற்கு வருவார்கள்?" என்றார். பட்டியலைப் பார்த்தேன். கூடலூர்க்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். நடுநடுவே எருமாடு.

விஷயம் இதுதான். அக்சஸின் டேபிளுக்குள் தமிழ் பத்திரமாக இருக்கும். ஆனால் நிரல் எழுதும் ஜன்னல் இருக்கிறதே, அதற்குத் தமிழ் தெரியாது. அங்கே "கூடலூர்" என்று ஒட்டினால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி விழும். க, அதன் நெடில், ட, ல, அதன் நெடில், ர, புள்ளி. மொத்தம் ஏழு கேள்விக்குறி. நிரலில் சமக்குறி போட்டிருந்தால் ஒரு பதிவும் வந்திருக்காது, அன்றைக்கே பிடித்திருப்போம். அவர் லைக் போட்டிருந்தார். லைக்கில் கேள்விக்குறி என்றால் ஏதாவது ஓர் எழுத்து என்று பொருள். எருமாடு என்பதை அதே போல எண்ணிப் பாருங்கள், அதுவும் ஏழு. தேவாலாவுக்கு ஆறு, அதனால் அது வரவில்லை. பந்தலூரும் மசினகுடியும் எட்டு எட்டு, அந்த இரண்டில் எதற்குப் போனாலும் மற்றதும் கூடவே வந்திருக்கும்.

இப்போது ஊர்ப் பெயரை நிரலில் எழுதுவதில்லை. ஊர்களுக்கு ஒரு சின்ன டேபிள், அதில் எண். படிவத்தில் தேர்ந்தெடுத்தால் எண் மட்டும் நிரலுக்குப் போகிறது. கட்டாயம் நிரலில்தான் எழுதவேண்டும் என்றால் சி.ஹெச்.ஆர்.டபிள்யூ. போட்டு எழுத்தின் எண்ணைக் கொடுக்கவேண்டும். க என்பதற்கு 2965. ஒரு ஊர் எழுதி முடிப்பதற்குள் முகாமே முடிந்துவிடும்.

அருவங்காடு:

ஓவேலி நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் நிரலைத் திறந்து பார்த்தேன். நல்லவேளை, எங்களுடையதில் லைக் இல்லை.

எங்கள் தொல்லை நேரம். சீசனில் தொழிற்சாலை இரவிலும் ஓடும், இலை லாரி வந்துகொண்டே இருக்கும். நகல் எடுக்கும் பட்டனை ஒருவர் அழுத்தினார். லாரி டேபிள் நகலாகி முடிந்தது. அது முடிந்து, எடை டேபிள் நகலாவதற்கு முன்பு, வாசலில் ஒரு லாரி வந்து பதிவாகிவிட்டது. நகலில் அந்த லாரி இல்லை, அதன் மூட்டைகள் மட்டும் வந்து சேர முயன்றன. லாரி இல்லாத மூட்டையை உறவு விதி ஏற்குமா? தாண்டிக்குடி ஐயா சொன்ன அந்த டிபிஃபெயில்ஆன்எரர் எங்களுடையதில் இல்லாததால் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டது. நடுராத்திரியில் லைன் போய், நகலில் தேடினால் லாரியே வரவில்லை என்கிறது. டிரைவரோ லாரிக்கு முன்னால் நின்று இன்ஜினைத் தட்டிக் காட்டுகிறார்.

சர்வர் பக்கம் ஸ்னாப்ஷாட் முறையில் (எல்லா டேபிளையும் ஒரே கணத்தின் நிலையில் காட்டுவது) ஒரே டிரான்ஸாக்ஷனில் படித்தால் சரியாகும் என்றார்கள். எங்கள் மேலாளர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, நகல் எடுக்கும்போது கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டார். அது இன்றுவரை வேலை செய்கிறது.

கட்டபெட்டு கணக்கர்:

எல்லோருக்கும் நன்றி. தாண்டிக்குடி நண்பரே, எங்களுடையது எஸ்.கியூ.எல். சர்வர் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன், நீங்கள் பாதி பதிலை அக்சஸ் பின்னணிக்கு எழுதிவிட்டீர்கள். வார்ப்புக் கோப்பு முறையைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒரு சந்தேகம். நகல் எடுப்பது வரை சரி. லைன் இல்லாதபோது நகலில் புதிதாகப் பதிந்ததைத் திரும்ப மேலே சேர்ப்பது எப்படி? இங்கே ஆட்டோநம்பர் (பதிவுக்குத் தானாக விழும் எண்) 501 என்றால், கோவை சர்வரில் இன்னொரு கிளையும் அதே நேரத்தில் 501 போட்டிருக்கிறது.

பழைய டைகர்ஹில்:

இதைத்தான் யாராவது கேட்கவேண்டும் என்று காத்திருந்தேன். அக்சஸ் 95 காலத்தில் பிரீஃப்கேஸ் என்று ஒன்று இருந்தது. கோப்பை அதில் போட்டு எடுத்துப்போய், காட்டில் பதிந்து, திரும்பி வந்து இரண்டையும் ஒத்திசைக்கலாம். குன்னூரில் நான் அதை ஓட்டியிருக்கிறேன், முரண்பட்ட பதிவுகளை அதுவே தனியாகக் காட்டும். 2007இல் புதிய ஏ.சி.சி.டி.பி. கோப்பு வடிவம் வந்தது, அதில் ரெப்ளிகேஷன் என்ற அந்த ஒத்திசைவு வசதியை விட்டுவிட்டார்கள். மலையில் வேலை செய்கிறவனிடம் கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆட்டோநம்பர் ஃபீல்டின் அளவில் லாங் இன்டிஜர் என்பதற்குக் கீழே ரெப்ளிகேஷன் ஐ.டி. என்று இன்னும் இருக்கிறது. அதைப் போட்டால் 501 என்று வராது, இரண்டு இடத்தில் ஒன்றுபோல் விழாத நீண்ட அடையாளம் வரும். சர்வரில் அதற்கு யுனிக்ஐடென்டிஃபையர். சீட்டு எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தனியாக யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள். மஞ்சூர்க்காரரின் 38ம் 83ம் பதியும்போதே மோதும்.