மாற்றம் செய்த காரை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஏற்றிய அனுபவம்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் சொல்லுங்கள்

பென்னாகரம் தம்பி:

நானே ஆரம்பிக்கிறேன். அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் பலமில்லை. பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு வேலைக்குப் போய்வர இத்தனை வருஷமும் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்தான். ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்து வந்து நிற்பதைப் பார்த்துத்தான், பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கினோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே லிவர் வைத்துவிட்டால் பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டும் கையாலேயே ஆகிவிடும்.

தப்பு பண்ணியது அடுத்த கட்டத்தில். தெரிந்த பட்டறை ஒன்றில் சொன்னேன். இரும்புக் கம்பியை வளைத்து வெல்டு வைத்து இரண்டே நாளில் செய்து கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்), சீட்டுக்குக் கீழே குனிந்து, லிவரை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி: "இந்தக் கிட்டுக்கு அப்ரூவல் சர்டிபிகேட் எங்கப்பா?" என்னிடம் பட்டறை ரசீது கூட ஒழுங்காக இல்லை. "தொப்பூர் இறக்கத்துல இந்த வெல்டிங் விட்டுதுன்னா உங்க அக்கா எதை மிதிப்பாங்க?" என்று கேட்டார். எனக்குக் கை கால் வெலவெலத்துப் போனது. அந்தக் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதிய செய்தியை எத்தனை தடவை படித்திருக்கிறோம்.

அன்றே கழற்றிப் போட்டேன். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தில் தேறிய கிட் விற்பவர்களைத் தேடி, பெங்களூரில் மாட்டினோம். இந்த முறை வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் ஆர்டிஓ ஆபீஸில் மனு, அனுமதி, பிறகுதான் ஸ்பேனர். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்வதும் அதுதான். மாற்றம் முடிந்த 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டி லோனில் இருந்தால் கடன் கொடுத்தவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

கொண்டுபோனவை: ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, அக்காவின் ஊனச் சான்றிதழ், கிட்டின் அப்ரூவல் நகல், மாட்டியவர் கொடுத்த ரசீது. சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். ஆர்.சி.யில் மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வண்டி என்று ஏறியது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்படி ஏறியிருந்தால் இன்சூரன்ஸில் வண்டிச் சேதப் பகுதிக்கான பிரீமியத்தில் பாதி தள்ளுபடி உண்டு. ஏஜெண்ட் தானாக வந்து சொல்லவில்லை, நான் கேட்டதால் போட்டார். ஆர்.சி.யில் பதிவில்லாமல் அந்தத் தள்ளுபடி கிடையாது.

லைசென்ஸ் டெஸ்டுக்கு அக்கா அதே காரில்தான் போனது. எட்டுப் போட்டு முடித்து இறங்கியபோது அம்மா அங்கேயே அழுதுவிட்டது.

ஓசூர் வாசகர்:

நான் பெட்ரோல் காரில் சி.என்.ஜி. (இயற்கை எரிவாயு) கிட் போட்டவன். உங்கள் மாடலுக்கும் வருஷத்துக்கும் அந்தக் கிட் அப்ரூவல் ஆகியிருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். வேறு மாடல் காகிதத்தைக் காட்டி மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்.சி.யில் எரிபொருள் பெட்ரோல்/சி.என்.ஜி. என்று மாற வேண்டும். சிலிண்டரை 3 வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், தேதி சிலிண்டர் மேலேயே பொறித்திருக்கும். என் சித்தப்பா பையன் இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் ஓட்டினான். சூளகிரி பக்கம் நடந்த விபத்தில் கிளைம் நிராகரித்துவிட்டார்கள். அந்தப் பணத்தை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

முன்னால் இரும்பு பம்பர் கார்டு போட நினைப்பவர்கள் வேண்டாம். எதிரே நடந்து வருபவருக்கு ஆபத்து, நம் ஏர்பேக் சென்சாருக்கும் கெடுதல். 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் அதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

தேன்கனிக்கோட்டை ஜீப்:

அப்பாவின் ஜீப். மலைத் தோட்டத்துக்கு ராகி மூட்டை ஏற்றிய வண்டி. யாரோ சொன்னார்கள் என்று அப்பா வேறு டீசல் எஞ்சினை மாட்டிவிட்டார், காகிதம் எதுவும் பண்ணவில்லை. 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போனபோதுதான் ஆர்.சி.யில் ஒரு எஞ்சின் நம்பர், எஞ்சின் மேல் பொறித்திருப்பது வேறு நம்பர் என்று தெரிந்தது. அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அப்பாவும் உயிரோடு இல்லை.

நல்ல வேளை, பழைய எஞ்சின் மாட்டுக்கொட்டகை மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. போரிங் பண்ணி, பிஸ்டன் மாற்றி, அதையே ஏற்றினோம். செலவு வலித்தது. ஆனால் நம்பர் பொருந்தியது, இன்னும் 5 வருஷத்துக்குப் பதிவு கிடைத்தது.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பிறகு காகிதம் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைக்கும் இளவட்டங்களுக்கு: தயாரித்தவர் கொடுத்த அளவுக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

காவேரிப்பட்டணம்:

பென்னாகரம் தம்பி, எங்கப்பாவுக்குச் சர்க்கரையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் மாங்காய் மண்டிக்கு வண்டி ஓட்டியவர். இப்போது திண்ணையை விட்டு இறங்குவதில்லை. இந்தக் கை லிவர் அவருக்குப் பழகுமா? ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிறது, அது போதுமா?

பென்னாகரம் தம்பி:

போதாது அண்ணா. மாற்றியமைத்த வண்டிக்கென்று லைசென்ஸில் தனியாக ஏற வேண்டும், டெஸ்டும் உண்டு. முதலில் டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை என்றால் கண் பார்வையையும் விரல் மரத்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள், எல்லாமே கையை நம்பித்தான் ஓடும். இடது கால் நன்றாக இருந்தால் ஆக்சிலேட்டரை இடப்பக்கம் மாற்றும் கிட்டும் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

பழகுமா என்பதைக் காகிதத்தில் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். எஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டு அவர் சீட்டில் உட்கார்ந்து லிவரைப் பிடித்துப் பார்க்கட்டும். அக்கா பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கிறேன் என்கிறது.