மறு: ‘மறதி நோய்’ போதுமா? என் பரிந்துரை: அறிதிறன் நலிவு

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

மூளையின் திறன்கள் குறைந்து அன்றாட வாழ்க்கையே தடுமாறும் டிமென்ஷியாவுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசிவருகிறோம். ‘மறதி நோய்’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது, அதையே வைத்துக்கொள்வோம் என்று நம் குழுவின் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். புரிகிறது, சரி. ஆனால் அந்தப் புரிதலே சிலரை மருத்துவரிடம் போகவிடாமல் செய்கிறது. என் கவலை அதுதான்.

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் ஒன்றைக்கூட விடமாட்டார். ஆனால் ஏடிஎம் முன்னால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். கோப்பிக் கடையில் சில்லறை எண்ணிக் கொடுக்கத் திணறுவார், பின்னால் வரிசை நீண்டால் கோபம் வந்துவிடும். “அப்பாவுக்கு மறதியே இல்லையே, அப்புறம் எப்படி மறதி நோய்?” என்று மகள் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பாதிக்கப்படும்போது பல நேரம் இப்படித்தான் தொடங்கும். யோசிக்கும் வேகம் குறையும், திட்டமிடுவது தடுமாறும், மறதி பிறகுதான் தலைகாட்டும். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ள நம் வீடுகளில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

‘முதுமை மறதி’ இன்னும் சிக்கல். அல்சைமர் நோய் என்ற டிமென்ஷியா வகைக்குத் தம் பெயரைத் தந்த ஜெர்மன் மருத்துவர் அல்சைமர், 1901இல் பிராங்க்பர்ட்டில் பார்த்த நோயாளி ஆகுஸ்ட டேட்டருக்கு வயது 51தான். அவரிடம் முதலில் தென்பட்டது மறதியல்ல, கணவர் மீது சந்தேகம்.

நம் ஊர் ஆய்வையே பாருங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியில் டிமென்ஷியா ஆய்வு மையத்தை உருவாக்கியவர் நரம்பியல் மருத்துவர் நாகேந்திரன் கந்தையா. அதற்கு முன் தேசிய நரம்பியல் கழகத்தில் இருந்தபோது டிமென்ஷியாவின் அறிகுறிகளைக் கண்டறிய ‘விகேட்’ (VCAT) என்ற சோதனையை உருவாக்கினார். மேற்கிலிருந்து வந்த சோதனைகள் மொழியையும் பள்ளிப் படிப்பையும் பெரிதும் நம்பியிருப்பவை. நான்கு மொழி புழங்கும் ஊரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழிபெயர்ப்பு செய்தால், மதிப்பெண்ணை ஒப்பிடுவதே கடினம். அதனால் படங்களை வைத்தே கேள்விகளை அமைத்தார். மொத்தம் 30 மதிப்பெண். நினைவு, கவனம், மொழி, திட்டமிட்டுச் செயலாற்றல், இடமும் வடிவமும் அறிதல் என ஐந்தையும் அது அளக்கிறது. மருத்துவர் ஐந்தைப் பார்க்கிறார், நாமோ ஒன்றை மட்டும் பெயரில் வைத்திருக்கிறோம்.

இந்த ஐந்துக்கும் பொதுவாக ‘அறிதிறன்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘அறிவாற்றல்’ ஏற்கெனவே புழங்குகிறதே என்று அக்கா கேட்டார். அதைக் கேட்டவுடன் கெட்டிக்காரத்தனம்தான் மனதில் வருகிறது. நோயாளியை ‘அறிவு குறைந்தவர்’ என்று அடுத்த வீட்டில் பேச அது வழிவிடும். ஜப்பானியர் 2004இல் டிமென்ஷியாவின் பழைய பெயரைக் கைவிட்டதும் அது மட்டம்தட்டும் சொல்லாக இருந்ததால்தான்.

நோய்க்கு ‘அறிதிறன் நலிவு’. ‘சிதைவு’ வேண்டாம். மனச்சிதைவு வேறொரு நோய்க்குப் போய்விட்டது, கேட்கவும் கொடூரமாக இருக்கிறது. ‘இழப்பு’ என்றால் எல்லாம் போய்விட்டது போலத் தொனிக்கும். நலிவு படிப்படியாக வருவது, நலிந்தவரைத் தாங்கிப் பிடிக்கலாம் என்ற எண்ணமும் அதில் உண்டு.

அதற்கு முந்தைய நிலைக்கு ‘இலேசான அறிதிறன் குறைவு’. அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்பவர்கள் இவர்கள், இதுதான் முக்கிய வேறுபாடு. தம்பி சொன்ன ‘தொடக்கநிலை நலிவு’ எனக்கு ஒப்பவில்லை. இந்த நிலையில் உள்ள எல்லோருக்கும் நோய் முற்றுவதில்லை, சிலர் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள். நடக்காத ஒன்றைப் பெயரிலேயே முடிவு செய்துவிடக் கூடாது. ‘மிதமான’ என்பதும் ஆகாது. பல துண்டறிக்கைகளில் நோய் வந்தபின் அதன் நடுக்கட்டத் தீவிரத்துக்கும் அதே சொல்தான் வருகிறது.

பழக்கம் வரும்வரை ‘அறிதிறன் நலிவு எனப்படும் டிமென்ஷியா’ என்று சேர்த்தே எழுதுவோம்.

திட்டமிட்டுச் செயலாற்றும் அந்தத் திறனுக்குத்தான் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘நிருவாகத் திறன்’ அலுவலக வாடை அடிக்கிறது. ‘செயலாட்சித் திறன்’ எப்படி? தாதியாகப் பணிபுரியும் உறுப்பினர்கள் வார்டில் பேசிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.