சுலோசன முதலியார் பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொக்கிரகுளத்துக்காரன்:

பாலத்தின் மேல் போன கதையை யாரும் எழுத வேண்டாம். திருநெல்வேலியில் பிறந்துவிட்டு அதன் மேல் போகாதவர் யார் இருக்கிறார்கள்? சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஆற்றைப் பார்ப்போம், பாலத்தைப் பார்க்க மாட்டோம். கீழே மணலில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள், பழுது பார்த்தவர்கள், கல்வெட்டைப் படித்தவர்கள், வெள்ளத்தில் வேடிக்கை பார்த்தவர்கள் வாருங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தாமிரபரணியின் குறுக்கே 1843-ல் திறக்கப்பட்ட பாலம். வளைவுகள் 11, ஒவ்வொன்றும் 60 அடி அகலம். மொத்த நீளம் 760 அடி. அப்போது கலெக்டராக இருந்தவர் தாம்சன். அவருடைய அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற உயர் பதவியில் இருந்த சுலோசன முதலியார்தான் பணம் கொடுத்தவர். கட்டுமானத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் பொறியாளர் ஹார்ஸ்லி. 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி போயிற்று, 1871-ல் சரிசெய்தார்கள். போக்குவரத்து பெருகியதும் 1960-களில் அகலப்படுத்தினார்கள். இனி உங்கள் முறை.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

நல்ல கேள்வி, தம்பி. பாலம் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். எங்களுக்குப் பழகிக் கொடுத்தவர் கீழே பார்க்கச் சொன்னார். அந்த மனிதர் சட்டைப் பையில் சிறு சுத்தியல் வைத்திருப்பார். தூணில் அங்கங்கே தட்டுவார். நல்ல கல் கணீரென்று பேசும். உள்ளே காரை கரைந்து கூடாகிவிட்ட இடம் 'பொத்' என்று ஒலிக்கும். சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

நான் பார்த்தவரையில் இந்த மாதிரிப் பழைய பாலங்களுக்கு வண்டிகளின் பாரம் இரண்டாவது எதிரி. வளைவுப் பாலம் பாரத்தைத் தாங்குவதற்கென்றே பிறந்தது. மேலே அழுத்த அழுத்த வளைவின் கல்லெல்லாம் இறுகத்தான் செய்யும். முதல் எதிரி தண்ணீர், அதுவும் அடியில் ஓடுகிற தண்ணீர். வெள்ளம் தூணில் மோதினால் பாதி இருபக்கமும் விலகிப் போகும், பாதி தூணோடு ஒட்டிக் கீழ்நோக்கி இறங்கிச் சுழன்று, அடிவாரத்தில் மணலைத் தோண்டும். பெரிய வெள்ளத்தில் அந்தப் பள்ளம் ஆள் ஆழத்துக்கு மேலேயும் போகலாம். வேடிக்கை என்னவென்றால், வெள்ளம் வடியும்போது ஆறே அந்தப் பள்ளத்தை மணல் கொண்டு மூடிவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சமதளம், ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். அதனால்தான் இரும்புக் கம்பியை இறக்கிப் பார்ப்போம். பழைய படிவு என்றால் கம்பி முக்கி முனகி இறங்கும். நேற்று வந்த மணல் என்றால் வெண்ணெயில் கத்திபோல் இறங்கிவிடும். அங்கேதான் கவலை.

ஆற்றில் மணலே இல்லையென்றால்? அதையும் யோசித்துப் பாருங்கள். பள்ளத்தை மூட ஆற்றிடம் கையிருப்பு இருக்காது. 2010-ல் நல்லகண்ணு ஐயா தாமே வாதாடி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வாங்கினாரே, அதை எல்லோரும் குடிதண்ணீர் வழக்காகவும் விவசாய வழக்காகவும்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அது பாலத்து வழக்கும்தான்.

பாளையங்கோட்டை டீச்சர்:

அண்ணாச்சி சொன்னதைப் படித்ததும் என் பங்குக்குக் கல்வெட்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனேன். கல்வெட்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு மஞ்சள் நீராட்டு விழா சுவரொட்டி ஒட்டியிருந்தது. பாதி பிள்ளைகள் அதைத்தான் முதலில் படித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மனமில்லை. கல்லில் இருந்ததைவிட அது தெளிவாக இருந்தது.

சிரஸ்தார் என்றால் கலெக்டர் அலுவலகத்தில் இந்தியர் எட்டக்கூடிய மேல் பதவி என்று விளக்கினேன். ஒரு பையன் எழுந்து, "சம்பளத்தில் இவ்வளவு பெரிய பாலம் கட்ட முடியுமா, டீச்சர்?" என்றான். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரில் வழங்கும் கதையைச் சொன்னேன்: படகுத் துறையில் யார் முதலில் ஏறுவது என்று கைகலப்பாகி உயிர்ச்சேதம் ஆனது, கலெக்டர் கூட்டம் கூட்டி நன்கொடை கேட்டார், யாரும் அசையவில்லை, முதலியார் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார், அந்த அம்மாள் வடிவாம்பாள் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பது கதை. பெண் பிள்ளைகளுக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. பையன் மட்டும் திருப்தி அடையவில்லை. "அப்படியானால் பாலத்துக்கு அவங்க பேரை ஏன் வைக்கலை?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

லண்டன் வாழ் நெல்லைக்காரர்:

நம் பாலம் லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துக் கட்டியது என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். தூண்களின் முகப்பில் இரட்டை இரட்டையாக உருண்டைத் தூண்கள் இருக்கின்றன அல்லவா, அந்த ஜாடையைத்தான் சொல்வார். இங்கே வேலைக்கு வந்த புதிதில் கேமராவோடு கிளம்பிப் போனேன். தேம்ஸ் மேல் தட்டையாக, நீளமாக, அலங்காரம் ஒன்றும் இல்லாத பாலம் ஒன்று நின்றது. இதில் நம் ஊர் எங்கே இருக்கிறது என்று விழித்தேன்.

விசாரித்தால், தாத்தா சொன்ன பாலம் வேறு. ஜான் ரென்னி கட்டியது, 1817-ல் திறந்தது, ஒன்பது வளைவுகள், கருங்கல். அதன் தூண்கள் ஆற்றுப்படுகை அரித்து அரித்து உட்கார ஆரம்பித்தன. 1924-ல் போக்குவரத்தை நிறுத்தினார்கள். காப்பாற்ற வேண்டும் என்று ஒரு கூட்டம், இடிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், பத்து ஆண்டு வாக்குவாதம். கடைசியில் 1934-ல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது இருப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டியது.

ஆக மூலப்பிரதி போய்ச் சேர்ந்துவிட்டது, நகல் நம் ஊரில் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறது! ஓவர்சியர் ஐயா சொன்ன அதே அரிப்புதான் அதைச் சாய்த்தது என்பதைப் படித்தபோது கொஞ்சம் அடிவயிறு கலங்கியது.

வண்ணாரப்பேட்டை வாசி:

வெள்ளத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 நேரில் பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. எங்கள் பக்கம் வெள்ளத்தை அளக்க மீட்டர் தேவையில்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கியதா, தைப்பூச மண்டபத்தில் எவ்வளவு தண்ணீர் என்று இரண்டு கேள்விகள் போதும். அன்று இரண்டுக்கும் பதில் சொல்லவே ஆள் இல்லை, அவ்வளவு தண்ணீர்.

பாலத்துக்கு அடியில் வளைவு வளைவாகத் தெரியும் வெளிச்சம் மணிக்கு மணி மெலிந்துகொண்டே வந்தது. வேரோடு வந்த மரம் ஒன்று தூணில் குறுக்காக மாட்டியது. அதில் ஆகாயத்தாமரை சிக்கியது, அதில் யார் வீட்டுக் கட்டிலோ சிக்கியது. அப்படியே ஒரு தடுப்பணை மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தோம். திடீரென்று மரம் ஒரு புரட்டுப் புரண்டு வளைவுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பாலத்துக்கா, மரத்துக்கா என்று கேட்காதீர்கள்.

சிந்துபூந்துறை இளைஞன்:

நான் நண்பர்களோடு ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது பார்த்தது அரசமரக் கன்றுகள். கல் இடுக்கில் காக்கை எச்சத்தில் விழுந்து முளைத்தவை. பிடித்து இழுத்தால் வராது. இலையை வெட்டினால் அடுத்த மழையில் இரண்டாகத் துளிர்க்கும். என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

வெறுமனே வெட்டி விட்டுவிடாதீர்கள், தம்பி. வெட்ட வெட்ட வேர்தான் தடிக்கும், கல்லைப் பிளக்கும். வெட்டிய முனையில் உடனே மருந்து வைத்து வேரைச் சாகடித்து, அதன் பிறகு அந்தச் சந்தைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்ப வேண்டும். சிமெண்ட் பூசாதீர்கள், பூசவும் விடாதீர்கள். பழைய சுண்ணாம்புக் காரை நீரை உறிஞ்சி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கல்லைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே அழுகும். வெள்ளையடிப்பதும் மின்விளக்குத் தோரணம் கட்ட ஆணி அடிப்பதும் இதே ரகம்தான். விழா நடத்துகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நீங்களாக ஏறி எதையும் செய்யாதீர்கள். படம் எடுத்து, எந்தத் தூண், எந்தப் பக்கம் என்று குறித்து மனுவாகக் கொடுங்கள்.

கொக்கிரகுளத்துக்காரன்:

பக்கத்திலேயே புதுப்பாலம் வந்துவிட்ட பிறகும் கனரக வண்டிகள் பழைய பாலத்தில் எதற்கு என்பது என் வாதம். பாரம் இரண்டாவது எதிரி என்று ஐயா சொன்னாலும், எதிரி எதிரிதானே! அகலப்படுத்துவதற்கு முந்தைய புகைப்படம் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் பதிவிடுங்கள். கல்யாண ஊர்வலப் படமாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னணியில் கைப்பிடிச் சுவர் தெரிந்தால் போதும்.