50 கிமீ ஓடியாயிற்று, அடுத்து லடாக்கில் 6000 மீட்டர் சிகரம், சரிப்படுமா?

பெல்லந்தூர்வாசி:
வணக்கம். வயது 34, சொந்த ஊர் தேனி, பெங்களூரில் ஐடி வேலை. போன நவம்பரில் சிக்கமகளூரு காபித் தோட்டங்களுக்குள் 50 கிமீ மலைப்பாதை ஓட்டத்தை 9 மணி சொச்சத்தில் முடித்தேன். சனிக்கிழமைதோறும் நந்தி மலையின் சுல்தான்பேட்டை படிக்கட்டில் இரண்டு தடவை ஏறி இறங்குகிறேன். வரும் ஆகஸ்டில் ரூம்மேட்டுடன் லடாக் போய் காங் யாட்சே 2 ஏற ஆசை. (முதலில் பார்த்தது ஸ்டோக் காங்ரி, அதை 2020-லேயே மூடிவிட்டார்கள்.) லீவு மொத்தமே 9 நாள். மூச்சும் காலும் நன்றாக இருப்பதால் லடாக்கின் லே நகரில் உடம்பு உயரத்துக்குப் பழக ஓய்வெடுக்கும் ஒரு நாளை வெட்டிவிடலாமா?

மலைக்கிறுக்கி:
தம்பி, அந்த ஓய்வு நாளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நானும் ஓட்டத்திலிருந்து மலைக்குப் போனவள்தான். அதே சிகரம். நிமாலிங் முகாமில், 4800 மீட்டர் இருக்கும், சாயங்காலமே தலைவலி. 35-வது கிலோமீட்டரில் தொடை பிடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவோம் இல்லையா, அதே பழக்கத்தில் வழிகாட்டியிடம் சொல்லாமல் மறைத்தேன். மறுநாள் பேஸ் கேம்ப் சேர்வதற்குள் இரண்டு தடவை வாந்தி. குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நேராக நடந்து காட்டச் சொன்னார் வழிகாட்டி, கல்யாண வீட்டுச் சித்தப்பா மாதிரி தள்ளாடினேன். அந்த நிமிடமே கீழே இறக்கிவிட்டார். தள்ளாட்டம் என்றால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், இரண்டுக்கும் முதல் வைத்தியம் உடனே இறங்குவதுதான். எங்கள் குழுவில் வாழ்நாளில் ஓடியே பார்க்காத 51 வயது அக்கா ஒருவர் ஆடி அசைந்து உச்சிக்குப் போய்விட்டு வந்தார், எனக்கு வயிற்றெரிச்சல்.

5500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதற்கு உடம்பு பழக நாள் கணக்காகும், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் அந்த நாட்கள் குறையாது. நன்றாக ஓடுகிறவன் வேகமாக மேலே போய் அதிகமாகவே மாட்டிக்கொள்கிறான். 3000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பார்கள். நீங்களோ 900 மீட்டரில் இருக்கும் பெங்களூரிலிருந்து விமானத்தில் ஒரே நாளில் 3500-ல் இருக்கும் லே-க்குப் போய் இறங்குகிறீர்கள், முதல் நாளே கணக்கு உதைக்கிறது. இங்கே பழகிக்கொண்டு போகலாம் என்றால் தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடியே 2695 மீட்டர்தான். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பதினெட்டாம்மாடி:
அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். பயிற்சி பற்றி மட்டும் என் பங்கு.

எங்கள் அபார்ட்மென்டில் 18 மாடி, மாடிக்கு 3 மீட்டர் என்றால் 54 மீட்டர். முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களாக 10 கிலோ போட்டுக்கொண்டு 20 தடவை ஏறினால் ஆயிரம் மீட்டர் தாண்டும், உச்சி நாளன்று ஏற வேண்டிய உயரமும் கிட்டத்தட்ட அதுதான். செக்யூரிட்டி அண்ணன் முதல் வாரம் சந்தேகமாகப் பார்த்தார், இப்போது எத்தனையாவது ரவுண்டு என்று அவரே எண்ணிச் சொல்கிறார். இறங்கும்போது லிஃப்டில் வராதீர்கள், தொடை பஞ்சராவது இறக்கத்தில்தான், மலையிலும் அப்படித்தான். வேகம் வேண்டாம், பேசிக்கொண்டே ஏறும் வேகம் போதும், நடுராத்திரி கிளம்பி விடிய விடிய ஏற வேண்டியது அந்த வேகத்தில்தான்.

அப்புறம் நம் ஓட்டக்கார ஜாதிக்கு எடை குறைக்கிற பைத்தியம் ஒன்று உண்டு, ஜாக்கெட்டைக்கூடத் தூக்க மாட்டோம். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிமீ மலை ஓட்டத்தின் நடுவே ஆலங்கட்டி மழையும் குளிர்காற்றும் அடித்து 21 பேர் இறந்தார்கள். பலர் அரை டிராயரும் மெல்லிய பனியனுமாக ஓடிக்கொண்டிருந்தவர்கள். 6000 மீட்டரில் கையுறை இரண்டு ஜோடி, இறகு அடைத்த தடித்த டவுன் ஜாக்கெட், எல்லாம் தூக்கித்தான் ஆக வேண்டும்.

பெல்லந்தூர்வாசி:
நன்றி அக்கா, நன்றி ப்ரோ. உண்மையைச் சொன்னால் தலைவலியை மறைக்கிற ஆள்தான் நானும், நவம்பரில் 40-வது கிமீயில் கால் நகம் பிய்ந்ததை யாரிடமும் சொல்லவில்லை. மேனேஜரிடம் 12 நாள் கேட்டுப் பார்க்கிறேன், கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம். பனி பூட்ஸ் லே-யில் வாடகைக்குக் கிடைக்குமா, வாங்க வேண்டுமா?

மலைக்கிறுக்கி:
வாடகைக்கே கிடைக்கும், பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்ளான கிராம்பானும் சேர்த்து. தடித்த கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள், விரல் முன்னால் முட்டினால் இறக்கத்தில் மிச்ச நகமும் போய்விடும்.