பனிக்காலத்துக்கு முன் காரில் எதை முதலில் கவனிப்பது?

கேள்வி: உறைபனி தொடங்குமுன் காரைத் தயார்செய்ய விரும்புகிறேன். டயரின் பள்ளங்கள் இன்னும் ஆழமாகவே இருப்பதால், அதே கோடைக்கால டயர்களை வைத்து ஓட்டலாமா?

மறுமொழி 1: வேண்டாம். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையத் தொடங்கும்; குளிர்கால டயரின் ரப்பரோ அப்போதும் நெகிழ்வாக இருக்கும். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனெனில் முன்சக்கரங்களில் மட்டும் மாட்டினால், வளைவில் பிரேக்கை அழுத்தும்போது பின்பக்கம் வழுக்கி வண்டியே சுழன்றுவிடக்கூடும். காற்றழுத்தமும் ஏறத்தாழ 6 டிகிரி குறைவுக்கு 1 பிஎஸ்ஐ வீதம் இறங்கும் என்பதால், வண்டியை ஓட்டுவதற்கு முன்பே அளந்து பாருங்கள்.

மறுமொழி 2: டயருக்கு அடுத்தது பேட்டரி. குளிரில் அதன் வேதிவினை மந்தமாகும் அதே வேளையில், எஞ்சின் ஆயில் கெட்டியாகி ஸ்டார்ட்டருக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படும். பழைய பேட்டரி என்றால் இப்போதே சோதித்துவிடுங்கள். முனைகளில் வெண்பொடி பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் வெறும் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். உறைவதைத் தடுக்கும் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் சுமார் -37 டிகிரி வரை உறையாது.

கேட்டவர்: நன்றி. கண்ணாடியில் படியும் பனிக்கு வெந்நீர் ஊற்றலாமா?

மறுமொழி 3: கூடவே கூடாது, கண்ணாடி விரிசல் விடும், சுரண்டிதான் சரி. இதைவிட முக்கியமான ஒன்று: பனியில் சிக்கி நின்றால், எஞ்சினை ஓடவிடுமுன் புகைக்குழாய் வாயை அடைத்திருக்கும் பனியை அகற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து உயிரையே பறித்துவிடும்.